பதினொன்றாவது விக்கெட்

உருண்டையாக இருக்கும் எதுவும் டபுளைத் தாண்டிப் போனதில்லை. வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.

ஒருநாள் மயிலாப்பூர் மாட வீதியில், மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தருகே ஒரு தள்ளுவண்டி சாய்ந்து சாத்துக்குடிகள் உருண்டன. மொத்தம் பதினான்கு. டபுள் எட்டைக் கையால் பிடித்தான். ஐந்தைக் காலால் நிறுத்தினான். ஒன்று அவன் நெஞ்சில் மோதிக் கைக்கு வந்தது. அந்தக் கடைசிப் பழத்தைச் சந்தோஷத்தில் ஆகாயத்துக்கு வீசிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அது பள்ளத்துக்குள் போய் விழுந்தது.

"பதிமூணுதான் கீது. மீதி ஒண்ணு எங்க நைனா?" என்றாள் பழக்காரி.

"புட்ச்சேன் யக்கா. சாரக் கேளு, எண்ணிகினுதான் இருந்தாரு."

காலையில், நான் ஸ்கோரராக இருக்கும் எங்கள் மயிலாப்பூர் கிரிக்கெட் கிளப்புக்கு விக்கெட் கீப்பர். மாலையில் கிண்டியில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலையின் கால்பந்து அணிக்கு கோல் கீப்பர். அதனால்தான் டபுள். அவனுடைய சொந்தப் பெயர் என் ஸ்கோர் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. பிறந்து வளர்ந்தது அடையாற்றங்கரையில். கரையோர வீடுகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே குடியமர்த்தியபின், இரண்டு பஸ் மாறி வருவான். அப்படி வந்தும், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் கேப்டனுக்கு முன்னால் மைதானத்தில் நிற்பான்.

இரண்டு ஆட்டங்களும் ஒரே மண்டைக்குள் குடியிருந்ததால் அவ்வப்போது சுவர் ஏறிக் குதித்துவிடும். கால்பந்து ஆடும்போது, "டேய், ஸ்லிப்புல ஒருத்தன் நில்லுங்கடா!" என்று கத்துவான். கிரிக்கெட்டில் ஒருமுறை பந்தைக் காலால் உதைத்தே ஸ்டம்பைச் சாய்த்து ஒருவனை ரன் அவுட் ஆக்கினான். அம்பயர் விதிப் புத்தகத்தை ஏழு நிமிடம் புரட்டிவிட்டு விரலைத் தூக்கினார்.

அவனிடம் ஒரு விசித்திர வழக்கம் உண்டு. அம்பயர் அவுட் கொடுத்தால், ஸ்கோரர் கையை உயர்த்துவார். எழுதிக்கொண்டேன் என்று பொருள். மற்ற ஆட்டக்காரர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. டபுளுக்கோ அம்பயரின் விரல் போதாது. பந்தை மேலே வீசுவான், என் மேஜைப் பக்கம் திரும்புவான், என் கை உயர்ந்த பிறகுதான் சிரிப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தொழிற்சாலையில் அவன் ஆறு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. அன்று மாலை மூன்றரைக்குத் தொழிற்பேட்டைக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஜெயித்தால் மைதானத்திலேயே பர்மனென்ட் ஆர்டர் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் மகளைக் காலேஜில் சேர்த்திருந்தான். அன்று காலை கிரிக்கெட்டுக்கு வரவேண்டாம் என்று நாங்களே அவனுக்கு விடுப்பு கொடுத்திருந்தோம்.

காலையில் எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பேர். கீப்பர் இல்லை. தோற்றால் கிளப்பை லீக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள். போன் செய்தேன்.

"நீ வர வேண்டாம்ப்பா. எட்டு பேர்தான் இருக்கோம்னு சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்றதுக்கா சார் நாலு வாட்டி போன் பண்ணுவாங்க? வந்துகினே கீறேன்."

வந்தான். எதிரணியின் பத்து விக்கெட்டுகளில் ஐந்து அவன் கேட்ச். ஐந்து முறை பந்து ஆகாயத்துக்குப் போனது. ஐந்து முறை என் கை உயர்ந்தது. கிளப் பிழைத்தது. மணி இரண்டே முக்கால்.

அவன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தானா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. ஸ்கோர் புத்தகத்தோடு நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். கிண்டிவரை ஒன்பது சிக்னல். ஏழு சிவப்பு. டபுள் காலுறை மாற்றிக்கொண்டிருந்தான். ஒரு கால் ஆட்டோவுக்கு வெளியே அடையாறு பாலத்துக் காற்றை வாங்கியது.

"நைனா, கால உள்ள இஸ்துக்கோ! பஸ்ஸுக்காரன் எட்த்துகினு பூடுவான்!" என்று அலறினார் டிரைவர்.

மூன்று இருபத்தாறுக்குச் சேர்ந்தோம். மேனேஜர் மரத்தடி நாற்காலியில் இருந்தார். சட்டைப் பையில் ஒரு நீளக் கவர் எட்டிப் பார்த்தது. நான் கோட்டோரமாக நின்றேன். கடைசி நிமிடம் வரை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று எங்கள் பக்கம்தான் முன்னிலை. அப்போது கார்னரிலிருந்து ஒரு பந்து பறந்து வந்தது. டபுள் எம்பினான். நாலு தலைகளுக்கு மேலே, மாங்காய் பறிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்தான். அப்படி ஒரு கேட்ச்சை நான் பார்த்ததில்லை.

இறங்கியவன் பந்தை ஆகாயத்துக்கு வீசினான். என்னைத் திரும்பிப் பார்த்தான். நானும், கடவுளே, பென்சிலோடு கையை உயர்த்தினேன்.

அவன் சிரித்தான். பந்து அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்து, இரண்டு குதி குதித்து, வலைக்குள் போய் உட்கார்ந்தது.

"புட்ச்சேன்ல சார்?" என்றான் ரெஃப்ரியிடம்.

"புடிச்சப்பா. அப்புறம் நீயே உள்ள போட்டுட்ட."

"டேய் டபுள், இது இன்னா ஆட்டம்னு தெரியுதாடா?" என்று சக ஆட்டக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். மேனேஜர் கவரை எடுத்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்ததை நான் பார்த்தேன். ஆறு வருட உழைப்பை, என் நாலு போனும் ஒரு கையும் சேர்ந்து கெடுத்துவிட்டன.

ஆட்டம் சமன். ஆளுக்கு ஐந்து பெனால்ட்டி. கோலுக்குப் போகும் வழியில் டபுள் என்னிடம் வந்தான்.

"சார், அவசரப்பட்டு கையத் தூக்கிடாதீங்க. நீங்க தூக்குற வரிக்கும் நான் பந்த உடமாட்டேன். அவ்ளோதான்."

முதல் உதை. இடப்பக்கம் பாய்ந்து பிடித்து, பந்தை வயிற்றுக்கடியில் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டான்.

"பந்தக் குடுப்பா," என்றார் ரெஃப்ரி.

"சாரு எய்தி முடிக்கட்டும்."

மைதானமே என்னைப் பார்த்தது. பந்து இனி எங்கும் போக வழியில்லை என்று இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுக் கையைத் தூக்கினேன். அதன்பிறகுதான் எழுந்தான். இரண்டு உள்ளே போயின. நான்காவதில் மறுபடி படுத்தான். மறுபடி கையைத் தூக்கினேன். ஐந்தாவதிலும் அப்படியே. ஐந்தில் மூன்றைப் பிடித்துவிட்டான். எங்கள் ஆட்கள் மூன்றை உள்ளே போட்டிருந்தார்கள். கோப்பை எங்களுக்கு. மேனேஜர் கைப்பையின் ஜிப்பைத் திறக்கும் சத்தம் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

டபுள் கவரை வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டான். அதை மட்டும் மேலே வீசவில்லை.

இன்று அவன் பர்மனென்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் இரண்டு பஸ் மாறி வருகிறான். கேப்டன் இன்னும் அவனுக்குப் பின்னால்தான் வருகிறார்.

அன்று திரும்பும் ஆட்டோவில் ஸ்கோர் புத்தகத்தைத் திறந்தேன். அந்தக் கார்னர் பந்தை அவன் பிடித்தது சத்தியம். எந்தக் கணக்கிலும் அது வராமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அவன் பெயருக்கு நேரே ஐந்து கேட்ச்சை ஆறாகத் திருத்தினேன். கூட்டிப் பார்த்தால் அன்று காலை எதிரணிக்குப் பதினொரு விக்கெட் விழுந்திருக்கிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால், என் கை உயர்ந்தது, ஆகவே அவுட் என்று சொல்வேன்.