நடக்காத பயிற்சிக்கு நாலு நாள்

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது சம்பத் சார் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வருஷம் ஒரு நோட்டுக்குக்கூட அட்டை போடுவதில்லை.

அவர் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர். குடியிருப்பு புதுப்பட்டினம். மனைவி ஞானம்பாள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். ஜூன் பிறந்தால் அந்த அறைக்குள் மனிதர் நுழைய முடியாது. பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் துணி ஜன்னல் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். மிஷின் சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல் மட்டும் கேட்டபடி இருக்கும். "ஏங்க, சும்மாதானே கீறீங்க?"

விடுமுறை என்று அரசாங்கம்தான் சொல்கிறது. ஞானம்பாளிடம் விடும் முறையே இல்லை. பிள்ளைகள் விஷாலுக்கும் ஸ்வாதிக்கும் நோட்டு வாங்கு, அட்டை போடு, லேபிள் ஒட்டு, போன வருஷ ஷூவில் இந்த வருஷக் காலை நுழைத்துப் பார். அது முடிந்தால் பட்டன் தைக்கக் கூப்பிடுவாள். போன ஜூனில் சம்பத் சார் முந்நூறு பட்டன் தைத்தார். பள்ளி திறந்த அன்று பிரார்த்தனையில் பிள்ளைகள் வரிசையாக நின்றபோது அவர் கண்ணுக்குப் பட்டன்கள் மட்டுமே தெரிந்தன.

இந்தத் தடவை அப்படியில்லை. 2003ஆம் வருஷம். அப்போதெல்லாம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி மேல் பயிற்சியாக வந்துகொண்டிருந்த காலம். அதுதான் அவருக்கு வழி காட்டியது.

"ஞானம், திங்கக்கிழமை தொடங்கி நாலு நாள் செங்கல்பட்டுல பயிற்சி. போவலன்னா மெமோ குடுப்பாங்க."

மிஷின் நின்றது. "லீவுலயா?"

"லீவுலதான். இன்னா பண்றது? அரசாங்கத்துக்கு இரக்கம் கீதா?"

"அடப் பாவமே" என்றாள் ஞானம்பாள். மிஷின் மறுபடி ஓடியது.

இவ்வளவு சுலபமாகப் பொய் ஜெயிக்கும் என்று சம்பத் சார் எதிர்பார்க்கவில்லை. மாமல்லபுரத்தில் அவருடைய கூட்டாளி ஜெபகுமார் சின்னதாக ஒரு லாட்ஜ் வைத்திருந்தான். அதன் மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை, கடல் காற்று, ஒரு கேரம் போர்டு. அந்த நாலு நாள் பயிற்சி அங்கேதான்.

திங்கட்கிழமை காலை பையைத் தோளில் மாட்டி வாசலுக்கு வந்தார். பின்னாலேயே ஞானம்பாள் வந்து ஒரு துண்டுத் துணியைக் கையில் வைத்தாள்.

"செங்கல்பட்டுதானே போறீங்க? இந்த மெரூன் கலர்ல ஆறு டஜன் பட்டன். பஜார்ல தேடுங்க. இந்தப் பக்கம் எங்கயும் கெடைக்கல."

ஜெபகுமாரிடம் போக வடக்கே பஸ் ஏற வேண்டும். செங்கல்பட்டு மேற்கே. சம்பத் சார் மேற்கே பஸ் ஏறினார். வெயிலில் ஐந்து கடை ஏறி இறங்கி, ஆறாவது கடையில் பட்டன் வாங்கி, மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். அதிலும் தோற்றார்.

சாயங்காலம் வீட்டில் ஏலக்காய் டீ தயாராக இருந்தது. ஞானம்பாள் மிஷினை நிறுத்திவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவருடைய வேலையைப் பற்றி அவள் விசாரித்து எட்டு வருஷம் இருக்கும்.

"இன்னா சொல்லிக் குடுத்தாங்க?"

சம்பத் சார் இதற்குத் தயாராக வரவில்லை. "அது வந்து... ஆடிப்பாடிக் கற்றல்."

"அப்படின்னா?"

"கணக்கைப் பாட்டாப் பாடணும். ஆசிரியரும் கூட ஆடணும்."

"எங்க, ஸ்வாதிக்கு ஆடிக் காட்டுங்க."

"இப்பவா?"

"நாலு நாள் கழிச்சி மறந்துடுவீங்க. ஷபானா! உன் பசங்களையும் இட்டுக்கினு வா, சார் புதுப் பாடம் எடுக்கறாரு."

பக்கத்து வீட்டு ஷபானா மூன்று பிள்ளைகளோடு வந்துவிட்டாள். தப்பிக்க இடமில்லை. புதுப்பட்டினம் கரையில் பார்த்த நண்டுதான் அந்த நேரத்துக்கு ஞாபகம் வந்தது.

"ரெண்டு நண்டு மணல்மேல,
இன்னும் ரெண்டு அலைமேல,
எத்தினி நண்டு? சொல்லு சொல்லு!"

"நண்டு நேரா நடக்காதே சார்" என்றாள் ஷபானா.

சம்பத் சார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறையிலிருந்து வாசல்வரை பக்கவாட்டில் நடந்தார். பிள்ளைகள் எல்லோரும் பின்னாலேயே பக்கவாட்டில் நடந்தார்கள். ஏழு தடவை. எட்டாவது தடவை இடுப்பில் ஏதோ சொடுக்கென்றது.

செவ்வாய்க்கிழமை எலாஸ்டிக், ஜிப், காலருக்குக் கேன்வாஸ், ஸ்வாதியின் ஷூவுக்கு ஒரு சைஸ் பெரிது. எல்லாம் செங்கல்பட்டில். ஜெபகுமாரின் மொட்டைமாடிக்கு வந்தபோது மணி நாலு.

"இன்னா மச்சான், இடுப்பப் புடிச்சிகினு வர்ற?"

"நேத்துப் பயிற்சியில அடி."

"எந்தப் பயிற்சியில?"

சம்பத் சார் ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்தார். திரும்பும் பஸ்ஸில் யோசித்தார். இன்றைக்கு ஆட்டம் கூடாது. உட்கார்ந்த இடத்தில் முடிகிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும்.

"இன்னிக்கி இன்னா?" என்று டீயோடு வந்தாள் ஞானம்பாள்.

"செய்து கற்றல். காகித வேலை. மடிக்கறது, வெட்டறது, ஒட்டறது. அம்புட்டுதான். பெரிசா ஒண்ணுமில்ல."

"மடிச்சி, வெட்டி, ஒட்டறதா?"

"ஆமா."

சொல்லி முடிக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ள முடியவில்லை. ஞானம்பாள் உள்ளே போய் முப்பத்துநாலு நோட்டையும் ஒரு சுருள் காக்கி அட்டையையும் பசைப் புட்டியையும் கொண்டுவந்து வைத்தாள்.

"சுடச்சுடச் செஞ்சாதான் கைக்குப் படியும்."

ராச்சாப்பாடு வரைக்கும் அட்டை போட்டார். விஷால் பக்கத்தில் உட்கார்ந்து, "மூலை சரியா மடிக்கலப்பா, இன்னொரு தபா போடு" என்று மேற்பார்வை பார்த்தான்.

புதன்கிழமை அவரிடம் ஒரு தெளிவு இருந்தது. ஆடுகிற பயிற்சியும் வேண்டாம், கை வேலையும் வேண்டாம். இரண்டும் இல்லாத பயிற்சி ஒன்று வேண்டும். பஸ்ஸில் வரும்போதே கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னிக்கி மௌனப் பயிற்சி, ஞானம். ஆசிரியர் வாயே தொறக்கக் கூடாது. சும்மா உக்காந்திருக்கணும். வூட்டுலயும் தொடரணும்னு சொல்லிட்டாங்க."

"எத்தினி நேரம்?"

"தூங்கப் போற வரைக்கும்."

"இன்னா சொன்னாலும் பதில் பேசக் கூடாதா?"

"கூடாது."

"மாட்டேன்னுகூட?"

சம்பத் சார் ஒரு கணம் யோசித்தார். வேறு வழி தெரியாமல், கூடாது என்று தலையை ஆட்டினார்.

ஞானம்பாள் அறுபது சட்டையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். பட்டன் டப்பாவைத் திறந்து வலப்பக்கம் வைத்தாள். ஊசியில் நூலைக்கூட அவளே கோத்துக் கொடுத்தாள். அவர் வாயைத் திறந்தார்.

"அப்பா பேசக் கூடாது!" என்று ஸ்வாதி கத்தினாள்.

வாயை மூடினார். நாலாவது சட்டையில் ஊசி கட்டைவிரலில் இறங்கியது. ஆ என்றுகூடச் சொல்ல முடியவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஷபானா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பாவம், சார் எம்மாம் சிரத்தையா கத்துக்கறாரு" என்றாள்.

வியாழக்கிழமை செங்கல்பட்டில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. காலையிலேயே ஜெபகுமாரிடம் போய்விட்டார். ஆனால் கட்டைவிரல் வீங்கியிருந்ததில் ஸ்ட்ரைக்கரைத் தட்ட முடியவில்லை. நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். ஜெபகுமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், இதுக்கு நீ வூட்டுலயே இருந்திருக்கலாம். பஸ் அலைச்சலாவது மிச்சம்."

"இன்னியோட முடிஞ்சிது. பயிற்சி நிறைவுன்னு சொல்லிடப் போறேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. முன்னறையில், யூனிஃபார்ம் குவியலுக்கு நடுவில், பன்னீர்செல்வம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வட்டார வள மையத்தின் மேற்பார்வையாளர். இந்த வட்டாரத்தில் யாருக்கு, எப்போது, எங்கே பயிற்சி என்று முடிவு செய்கிற மனிதர் அவர். சம்பத் சார் ஒரு செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வாங்க சம்பத் சார்! பொண்ணு யூனிஃபார்ம் வாங்க வந்தேன். உங்களப் பாக்காமப் போவக் கூடாதுன்னு ஒக்காந்துட்டேன்."

சம்பத் சார் ஞானம்பாளைப் பார்த்தார். அவள் ஒரு பாவாடைக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"நேத்து எங்க வூட்டம்மா இங்க வந்துட்டுப் போயி ஒரே பாராட்டு. சார் லீவுலயே தெனமும் செங்கல்பட்டு லைப்ரரிக்குப் போயி, புதுப்புது முறையெல்லாம் படிச்சி, வூட்டுலயே ஒத்திகை பாத்துகினு கீறாருன்னு. யாரு சார் இந்தக் காலத்துல இப்படி?"

"லைப்ரரிக்கு..." என்றார் சம்பத் சார்.

"நேத்து ராத்திரி வரைக்கும் நடந்தது எல்லாம் உங்க வூட்டம்மாவும் இப்ப சொன்னாங்க. அடக்கமா இருக்காதீங்க. பள்ளி தொறந்ததும் நம்ம வட்டாரத்துக்கு மூணு நாள் பயிற்சி. அறுபது பேரு. பயிற்சி குடுக்கறதுக்குக் கருத்தாளரு கெடைக்காம நான் பேஜார்ல கீறேன். கூப்புட்டவன் எல்லாம் ஓடறான். உங்க பேரைப் போட்டு ஆர்டரே வாங்கிட்டேன்." கவரை நீட்டினார். "மொத நாள் அந்த நண்டு. அப்பறம் காகிதம். மூணாவது நாள் மௌனம். அந்த மௌனம்தான் சார், எனக்கு ரொம்பப் பிடிச்சிது. அறுபது வாத்தியாரும் ஒரு நாள் பேசாம இருந்தா, மையத்துக்கே நிம்மதி."

அப்படி எதுவும் நான் படிக்கவில்லை என்று சொல்லலாம். சொன்னால் தினமும் எங்கே போனேன் என்று அடுத்த கேள்வி வரும். சம்பத் சார் கவரை வாங்கிக்கொண்டார். "ரொம்ப நன்றி சார்" என்றார்.

ஸ்கூட்டர் போன பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். மேற்பார்வையாளரின் மனைவி வந்தது நேற்று. ஆக, ஞானத்துக்கு நேற்றுதான் தெரிந்திருக்கிறது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவளை நன்றாகவே ஏமாற்றியிருக்கிறோம். அந்த நினைப்பு நெஞ்சுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

ஞானம்பாள் உள்ளேயிருந்து இளநீலத்தில் ஒரு முழுக்கைச் சட்டையோடு வந்தாள்.

"போட்டுப் பாருங்க. அறுபது பேரு முன்னாடி நிக்கப் போறவரு."

போட்டார். தோள், கை, கழுத்து, எல்லாம் அச்சாக உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்தபோது கருத்தாளர் களைகூட வந்திருந்தது.

"இந்த வேலை நெருக்கடியில இத எப்ப தச்ச?"

"திங்கக்கிழமை காலையில" என்றாள் ஞானம்பாள், காலரை நீவிவிட்டபடி. "நீங்க பஸ் ஏறிப் போனதும் பன்னீர்செல்வம் சாரோட வூட்டம்மா துணி குடுக்க வந்தாங்க. பயிற்சி அடுத்த வாரம்தான், அதுக்கும் கருத்தாளரு கெடைக்கலன்னாங்க. அவங்க துணிய வெட்டுன கையோட உங்களுதையும் வெட்டிட்டேன்."