செருப்புக்குள் போகாத கால்

பாப்பாவின் இடது கால் செருப்புக்குள் போகவில்லை.

நேற்றுவரை போன கால். அதே செருப்பு. அப்பா ஹெல்மெட், ஓட்டல் அறையின் தரையில் மண்டியிட்டு, வாரைக் கடைசி ஓட்டைவரை தளர்த்திப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே பன் மாதிரி ஒரு வீக்கம். நடுவில் சிவப்புப் புள்ளி. பக்கத்தில் அதற்குத் தம்பி, தங்கை.

"அப்பா, வலிக்கல. அரிக்குது."

"சொறியாதே!"

"சொறியல. தடவிப் பாக்கறேன்."

"நகத்தால தடவினா அதுக்குப் பேருதான் சொறியறது!"

குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு, வாயில் பிரஷ்ஷோடு மனைவி எட்டிப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். நுரையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னாள்.

"ஆரம்பிச்சாச்சா?"

ஹெல்மெட் என்பது அவருடைய பெயரல்ல, பட்டம். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. சாப்பிடப் போகும்போதும் தலைக்கவசத்தைக் கழற்றாத மனிதருக்குத் தொழிலாளர்கள் அன்போடு சூட்டியது. 'இங்கே ஓடாதீர்', 'இதைத் தொடாதீர்', 'இதன்கீழ் நிற்காதீர்' என்று அவர் மாட்டிய பலகைகள் தலையில் விழுந்துவிடுமோ என்றுதான் அங்கே இப்போது எல்லோருக்கும் பயம்.

போன வருஷமும் இப்படித்தான் வெளிநாட்டுக்கு விடுமுறைக்குப் போனார்கள். பெயர் தெரியாத ஏதோ ஒரு பூச்சி பாப்பாவின் புருவத்தில் கடித்து, கண் மூடிக்கொண்டு, அந்த நாடு முழுவதையும் பாப்பா ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள். ஊர் திரும்பியதும் டாக்டர் சொன்னார்: "சில பிள்ளைங்க தோலு அப்படித்தான், சின்னக் கடிக்கே ஊரைக் கூட்டும். சொறிஞ்சு சீழ் வைக்காம பாத்துக்கங்க. ஆனா உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காம ஓடுங்க." அந்தக் கடைசி வாக்கியம் ஹெல்மெட்டின் நெஞ்சுக்குள் ஆலைச் சங்கு மாதிரி மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து தூங்குகிற பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிற வழக்கம் வந்தது. தூங்குகிற பிள்ளை அதனாலேயே விழித்துக்கொள்ளும் என்பது வேறு விஷயம்.

இந்த முறை துணிப்பெட்டி சின்னது, மருந்துப்பெட்டி பெரியது. வந்து இறங்கியதுமே சட்டங்களும் அறிவிக்கப்பட்டன. செடிப் பக்கம் போகக் கூடாது. புல்லில் உட்காரக் கூடாது. நாய், பூனை, கிளி எதையும் தொடக் கூடாது. வரவேற்பு மேஜைக்கு அடியில் வாலாட்டிய நாய்க்குட்டியைப் பாப்பா ஏக்கத்தோடு பார்த்தபோது, "வெளிநாட்டு நாய்! கிட்டப் போகாதே!" என்று கத்தினார்.

"நம்ம ஊரு நாயை மட்டும் தொட விட்டீங்களாக்கும்," என்றாள் பாப்பா.

இத்தனைக்கும் பிறகு, செருப்புக்குள் போகாத கால்.

"இங்க பாருங்க," என்றாள் மனைவி. "நாளைக்குப் படகு. கண்ணாடித் தரை போட்ட படகுன்னு ஒரு வருஷமா இவ மீன் மீனா வரைஞ்சு தள்ளியிருக்கா. எனக்கும் ஆசைதான். ஆனா இன்னும் ஒரே ஒரு கடி புதுசா வந்துச்சுன்னா, டிக்கெட்டை மாத்திட்டு ஊருக்குக் கிளம்பிடுவோம். போன வருஷம் மாதிரி என்னால பயந்து சாக முடியாது."

"அம்மா!" என்று பாப்பா கீழுதட்டைப் பிதுக்கினாள்.

"ஒரு கடிகூட வராது. என் பொறுப்பு," என்றார் ஹெல்மெட். ஆலையில் அவர் இப்படிச் சொன்ன அன்றெல்லாம் ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொள்வது வழக்கம்.

முதலில் பூச்சிவிரட்டித் தைலம். உச்சி முதல் உள்ளங்கை வரை பாப்பாவுக்கு அபிஷேகமே நடந்தது. அடுத்த நிமிஷம் அவள் கண்ணைக் கசக்கினாள்.

"எரியுதுப்பா! கண்ணு எரியுது!"

மனைவி பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கண்ணைக் கழுவினாள். பிறகு பாட்டிலை எடுத்துப் படித்தாள்.

"சின்னப் பிள்ளைங்க கையில தடவாதீங்கன்னு இதுலயே போட்டிருக்கே! ஊருக்கெல்லாம் பலகை எழுதி மாட்டறீங்க, இதைப் படிக்க மாட்டீங்களா?"

"எழுத்து ரொம்பப் பொடிசு."

"ஆமா, பாட்டில் மேல தப்பு. கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வாங்க. பிள்ளைக்கு ஓய்வு வேணும்."

ஹெல்மெட் போனார். அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது.

ஓட்டலின் பின்பக்கம், சமையலறைக் கதவை ஒட்டிய படிக்கட்டில் செம்பட்டையார் உட்கார்ந்திருந்தார். வந்த அன்றே ஏற்பட்ட பழக்கம். கொஞ்சம் தொந்தி, செம்பட்டை முடி, ஒரு காதில் பழைய சண்டையின் தழும்பு. சமையலறையில் அவருக்கு ஏதோ காவல் வேலை என்று ஹெல்மெட் முடிவு கட்டியிருந்தார். பெரும்பாலும் உட்கார்ந்தே பார்க்கிற வேலை. நம் பாஷை ஒரு சொல் தெரியாது. ஆனால் அந்த நாட்டில் ஹெல்மெட் பேசுவதை முழுக்கக் கேட்கிற ஒரே ஜீவன் அவர்தான். குறுக்கே பேசமாட்டார். அறிவுரை சொல்லமாட்டார். காலைச் சாப்பாட்டில் மிச்சம் பிடித்துக் கொண்டுபோகும் மீன் துண்டைக் கொடுத்தால் மட்டும் மறுக்கமாட்டார்.

"நீங்களே சொல்லுங்கண்ணே," என்றார் ஹெல்மெட். "பிள்ளைக்கு நல்லதுன்னு ஒண்ணைச் செஞ்சா அது கண்ணுல போய் முடியுது. நான் என்ன பண்ணட்டும்?"

செம்பட்டையார் கண்ணை மெல்ல மூடித் திறந்தார். கவலைப்படாதே என்பதாக ஹெல்மெட் எடுத்துக்கொண்டார். அவர் நெருங்கி வந்து சாய்ந்துகொண்டபோது ஹெல்மெட் இன்னொரு மீன் துண்டை நீட்டினார். எத்தனை பேருக்கு இப்படி ஒரு நட்பு வாய்க்கும்?

தெம்போடு அறைக்குத் திரும்பி, பாப்பாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்துணியால் ஒத்தடம் கொடுத்தார். பாப்பாவுக்குச் சுகமாக இருந்தது. மனைவிக்கே கொஞ்சம் மனசு இளகியது.

அடுத்தது உடைக் கவசம். நீளக்கால் பேண்ட், முழுக்கைச் சட்டை, முழங்கால் வரை தடித்த காலுறை, கழுத்தில் துண்டு. நீச்சல்குளத்தோரம் மற்ற பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருக்க, பாப்பா மட்டும் பனிமலை ஏறப்போகிறவளைப் போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வேர்வை ஆறாக ஓடியது. வேர்க்க வேர்க்க அரிப்பு ஏறியது.

"அப்பா, உள்ள ஏதோ ஓடுது."

"அது வேர்வைம்மா."

"வேர்வை கடிக்குமாப்பா?"

மதியம் காலுறையைக் கழற்றியபோது ஹெல்மெட்டுக்குத் தலை சுற்றியது. புதிதாக ஒரு கொத்து. வரிசையாக, காலுறைக்குள்ளே!

"இது எப்படிங்க?" மனைவி காலுறையை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தாள். "தடிச்ச காலுறைக்குள்ள கொசு எப்படிப் போகும்?"

"இந்த ஊர்க் கொசுவுக்குத் துளை போடத் தெரியும்போல."

"விளையாடாதீங்க. நான் டிக்கெட்டுக்குப் போன் போடறேன்."

"அம்மா, வேண்டாம்மா! இது பழைய கடிதான்! இப்பதான் வெளிய தெரியுது!" என்றாள் பாப்பா. காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். மீன் வரைந்த பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது ஹெல்மெட்டின் மனசைக் கடித்தது கொசு இல்லை.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடு," என்று மனைவியிடம் கெஞ்சினார். மறுபடி பின்கட்டு, மறுபடி செம்பட்டையார், மறுபடி ஒரு துண்டு மீன். திரும்பி வந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கதை சொன்னார். பிறகு கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு, குழாய்த் துளை எல்லாவற்றையும் ஒட்டுநாடா போட்டு அடைத்தார். அதன்பின் கொசுவர்த்திச் சுருள்களைக் கொளுத்தினார். ஒன்று போதாது என்று ஒரு மூலைக்கு ஒன்றாக.

"மூச்சு முட்டுதுங்க," என்றாள் மனைவி.

"கொசுவுக்கும் அப்படித்தானே முட்டும்!"

அப்போதுதான் கூரையிலிருந்த புகைமணி அலறியது.

அது அலற, பக்கத்து அறை மணி அலற, அந்த மாடி முழுதும் அலற, மனிதர்கள் துண்டோடும் சோப்பு நுரையோடும் படியிறங்கி ஓடினார்கள். பத்து வருஷமாக ஆலையில் தீ ஒத்திகை நடத்தியவர், நிஜமாக ஒரு கட்டடத்தையே காலி செய்துவிட்டார். ஒட்டுநாடாவைப் பிய்த்துக் கதவைத் திறந்து, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, 'ஓடாதீர்' பலகைகளை எழுதிய அதே மனிதர் மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கினார்.

வாசலில் பிள்ளையை இறக்கி முகத்தைப் பார்த்தார்.

மேலுதடு வீங்கியிருந்தது.

நெஞ்சுக்குள் ஆலைச் சங்கு ஊதியது. 'உதடு வீங்கினாலோ...' அவருக்குக் காது அடைத்தது. மனைவியும் பார்த்துவிட்டாள். எதிரே வந்த டாக்ஸிக்கு முன்னால் ஹெல்மெட் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாய்ந்தார்.

வண்டிக்குள் பிள்ளையின் மூக்கில் விரல் வைத்தபடியே இருந்தார்.

"பாப்பா, மூச்சு விட முடியுதாடா கண்ணு?"

"விரலை எடுத்தா விட முடியும்ப்பா."

மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "கடவுளே, படகும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்," என்று முணுமுணுத்தாள். ஹெல்மெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லிட்டிருந்தது. அவருடைய கை அதைவிட.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொன்னார். முதுகில் குழல் வைத்துக் கேட்டார். உதட்டைத் தூக்கிப் பார்த்தார். (அவரும், பின்னால் வரும் ஓட்டல்காரர்களும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். நம் வசதிக்குத் தமிழில் தருகிறேன்.)

"மூச்சு சுத்தமா இருக்கு. உதட்டுல கடியே இல்லையே. எங்கம்மா மோதிக்கிட்டே?"

"அப்பா மண்டையில," என்றாள் பாப்பா. "படியில குதிச்சாருல்ல, அப்போ."

ஹெல்மெட் பக்கத்திலிருந்த நாற்காலியில் அப்படியே சரிந்தார். தலைக்கவசம் இல்லாமலே அந்தத் தலை இவ்வளவு சேதம் செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

டாக்டரம்மா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கொசுவும் இல்ல. முழங்காலுக்குக் கீழ, கொத்துக் கொத்தா, வரிசையா. தெள்ளுப்பூச்சி. மிருகங்களோட ரோமத்துல இருக்கும், குதிச்சு மனுஷங்க துணியில தொத்திக்கும். நாய் கீய் ஏதாவது தொட்டியா?"

"தொடவே இல்ல! அப்பாதான் விடலியே!"

"ஒரு ஈயைக்கூட இவர் கிட்ட விடமாட்டாரு டாக்டர்," என்றாள் மனைவி.

ஹெல்மெட் இருமினார்.

"எங்க ரெண்டு பேரையும் அது கடிக்கலையே?" என்று கேட்டாள் மனைவி.

"கடிச்சிருக்கும். பெரியவங்க சில பேருக்குத் தெரியவே தெரியாது. பிள்ளைங்க தோலு காட்டிக் குடுத்துடும்." அரிப்புக்கு ஒரு திரவ மருந்தும் தடவ ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். நகத்தை ஒட்ட வெட்டி, குளிர்ந்த துணி ஒத்தடம் கொடுத்து, காற்றோட்டமாக விடச் சொன்னார். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொன்னார்.

"படகு?" என்றாள் பாப்பா. குரலே வரவில்லை.

"படகுல தெள்ளுப்பூச்சி இல்ல. தாராளமாப் போ. ஆனா பூச்சி எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தணும். இல்லேன்னா நாளைக்கும் கடிக்கும்."

"கண்டுபிடிக்கிறேன் டாக்டர்," என்றாள் மனைவி. அந்தக் குரலைக் கேட்டு ஹெல்மெட் தன் பேண்ட்டை ஒருமுறை உதறிக்கொண்டார்.

ஓட்டல் வாசலில் டாக்ஸி நின்றதும் அவள் நேராக மேனேஜரிடம் போனாள். புகைமணிக்கு விளக்கம் கேட்கக் காத்திருந்த மேனேஜர், எதிர்பாராத இந்தத் தாக்குதலில் இரண்டடி பின்வாங்கினார்.

"உங்க மெத்தையில தெள்ளுப்பூச்சி! என் பிள்ளை காலைப் பாருங்க!"

"மேடம், ரூமுக்குள்ள எந்த மிருகத்தையும் நாங்க விடறதில்ல. அந்த நாய்க்குட்டிகூட வாராவாரம் மருந்துக் குளியல் குளிக்குது."

"அப்போ பூச்சி என்ன, லிஃப்டுல ஏறி வந்துச்சா? எவனோ ஒரு பொறுப்பில்லாத ஆளு, எதையோ கொஞ்சிட்டு வந்து எங்க ரூம்ல பரப்பியிருக்கான். அவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

"விடும்மா," என்றார் ஹெல்மெட் மெதுவாக. "தெரியாம செஞ்சிருப்பான். மன்னிச்சிடலாம்."

மனைவி திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து, வழுக்குகிற தரைக்காகக்கூட ஒருவரையும் மன்னித்தறியாத மனிதர்.

"நீங்களா பேசறது?"

"ரூமுக்குப் போகலாம். நான் குளிக்கணும்."

"இப்ப எதுக்குங்க குளியல்?"

அப்போது சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, பாத்திரம் கழுவும் பெண்மணி ஒரு தட்டோடு வெளியே வந்தாள். ஹெல்மெட்டைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"நல்லவேளை வந்துட்டீங்க சார்! அந்தச் செம்பட்டைப் பூனை படியை விட்டு நகர மாட்டேங்குது, மடியில வெச்சு நீங்க ஊட்டினாத்தான் மீன் இறங்குமாம்!"