கொள்ளுமா நிரப்பிய டிபன் கேரியர்

எதையும் வழிய வழிய நிரப்பிப் பார்க்காமல் நம்பாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் ராஜபாளையத்தில் எங்கள் கம்பெனியில் வேலை பார்த்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் கணக்குப் பிரிவுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் அவர் 'கொள்ளுமா'.

வாயைத் திறந்தால் முதலில் வரும் சொல் அதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் மினி பஸ்ஸில் கால் வைக்கும் முன் கண்டக்டரிடம், "இன்னும் எம்புட்டுப் பேர் கொள்ளும்?" என்பார். "ஏறுங்கண்ணே, உங்களப் பாத்தா அரை டிக்கெட்டுதான்" என்று அவன் உள்ளே தள்ளுவான். பால்கோவா கடையில் கால் கிலோ டப்பாவில் அரை கிலோவை அடைக்கச் சொல்லி, மூடி எந்த இடத்தில் பிதுங்குகிறது என்று குனிந்து பார்ப்பார். "அண்ணாச்சி, வாங்க வந்தியளா, வதைக்க வந்தியளா?" என்று கடைக்காரர் கேட்டபோது பக்கத்தில் நின்றவன் நான்.

இத்தனைக்கும் எம்.டெக். படித்தவர். கிருஷ்ணன்கோவில் பக்கம் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்துவிட்டு, எங்கள் கம்ப்யூட்டர் சர்வரைப் பாதுகாக்க வந்து சேர்ந்தார். பேண்டேஜ் துணி நெய்து விற்கும் கம்பெனி எங்களுடையது. வியாபாரிகள் இணையதளத்தில் ஆர்டர் போடுவார்கள். அந்த ஆர்டரை வாங்கிக்கொள்ளும் புரோகிராமை எழுதியவன் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவனான நான். நான் கட்டிய வீட்டைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு கர்வம் இருந்ததில்லை.

வந்த வாரமே கொள்ளுமா எங்கள் தளத்தில் முகவரி கேட்கும் கட்டத்தைத் திறந்தார். கீபோர்டில் ஏதோ ஓர் எழுத்தின் மேல் பேப்பர்வெயிட்டைத் தூக்கி வைத்தார். டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து அந்த முடிவில்லாத முகவரியை அனுப்பினார். என் புரோகிராம் அப்படியே விழுந்தது.

"செத்துருச்சு சார்!" பேரன் பிறந்த சேதி சொல்கிறவர்போல முகமெல்லாம் சிரிப்பு.

"எவன்யா இம்புட்டு நீளத்துக்கு அட்ரஸ் எழுதப் போறான்?"

"வியாபாரி எழுத மாட்டான் சார். திருட வாரவன் எழுதுவான்."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் மதியம் முதலாளி எங்கள் அறைக்கு வந்தபோது, அவருக்கு விளக்கிக் காட்டக் கொள்ளுமா எடுத்தது என் டிபன் கேரியரை. மேல் அடுக்கில் ரசம், கீழ் அடுக்கில் தயிர்சாதம். தன் வீட்டு ரசத்தையும் என் ரசத்தின் மேல் நிதானமாக ஊற்றினார். அது வழிந்து, அடுக்கின் இடுக்கில் புகுந்து, தயிர்சாதத்தில் இறங்கியது.

"பாத்தியளா மொதலாளி? சாரோட புரோகிராம் அட்ரஸுக்குன்னு ஒரு இடம் ஒதுக்கியிருக்கு. வாரத அளக்காம ஊத்துது. மிச்சம் பக்கத்து இடத்துல வழியுது. அடுத்து என்ன செய்யணும்ங்கிற குறிப்பு அங்கனதான் இருக்கு. வெவரமானவன் அதுமேல தன் உத்தரவ எழுதிட்டான்னா, பொறவு சர்வர் அவன் சொன்னபடி ஆடும்."

முதலாளிக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. "சார், ஒங்க தயிர்சாதம் போச்சே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆபீசே சிரித்தது. நான் அன்று பட்டினி.

மறுநாள் கொள்ளுமா என் மேஜைக்கு வந்தார். "உள்ள வாரத அளந்து, கூடுனா வாசல்லயே திருப்பிரணும் சார். சர்வர் சாப்ட்வேரப் புதுசாக்கணும். ஒங்க புரோகிராம் கையில வீட்டுச் சாவி பூராத்தையும் குடுத்து வச்சிருக்கிய. அத வாங்கிட்டா, எவன் புகுந்தாலும் ஒரு ரூமோட நிப்பான்."

"இத்தன வருசமா ஓடுது. என் புரோகிராம்ல ஒரு எழுத்தைத் தொடக்கூடாது" என்றேன். அது தயிர்சாதத்தின் கோபம். வேறு காரணம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, வியாபாரிகளின் வங்கி விவரங்கள் திருடு போயிருப்பது தெரிந்தது. முந்தின நாள் மதியம், அதே முகவரிக் கட்டம் வழியாக எவனோ உள்ளே நுழைந்திருந்தான். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கோபத்தில் அவருக்குத் தெலுங்கு முந்திக்கொண்டது.

"ஏமி சார் இது? இந்தக் கட்டத்துல ஓட்டை இருக்கிறது வெளியாளுக்கு எப்பிடித் தெரியும்? இதுல நீளமா எழுதி எழுதிப் பாத்தது யாரு?"

"அவர்தான்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அந்த ஞாயிறு மதியம் கொள்ளுமா தேவதானத்தில் தங்கை மகள் காதுகுத்தில் இருந்தார். அவர் அழைத்து நானும் போயிருந்தேன். பாயச அண்டாவுக்குள் தலையை விட்டு அவர் "கொள்ளுமா?" என்று கேட்டதையும், சமையல்காரர் கரண்டியை ஓங்கியதையும் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதைச் சொன்னால் போதும், அவர் தப்பித்திருப்பார். சொன்னால், அடுத்த கேள்வி என் புரோகிராமைப் பற்றித்தான் வரும்.

"சார், நேத்து நீங்களும் அங்கனதான…" என்று அவர் ஆரம்பித்தார். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதி வாக்கியம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

அன்று மாலையே அவருக்கு வேலை போயிற்று. சாமான்களைப் பையில் திணித்தபோது, கொள்ளுமா என்று அவர் கேட்கவில்லை. பிறகு மதுரையிலிருந்து ஆட்கள் வந்து, அவர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்துவிட்டுப் போனார்கள். நான் சால்வை போர்த்தி வழியனுப்பப்பட்டு ஓய்வு பெற்றேன்.

எழுபதைத் தாண்டிய பிறகு இந்த வருடம்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. முதலாளி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பிறகு டிபன் கேரியரோடு கிருஷ்ணன்கோவிலுக்கு பஸ் ஏறினேன். கொள்ளுமா அங்கே மறுபடி பாடம் நடத்துகிறார். தலை நரைத்திருந்தது. அவர் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காதுகுத்து, திரை, பாதி வாக்கியம், சால்வை. நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

"போதும் சார்" என்று கையை உயர்த்தினார். "இதுக்கு மேல கொள்ளாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

பிறகு கேரியரைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். இரண்டு பேருக்கு வேண்டுமே என்று ரசத்தை விளிம்பு வரை ஊற்றச் சொல்லியிருந்தேன். பஸ் குலுங்கியதில் அது கீழே இறங்கி, தயிர்சாதத்தில் பாதி சிவந்திருந்தது.

"இன்னும் திருந்தலையே சார் நீங்க!"

சிரித்துக்கொண்டே வெள்ளையாக இருந்த பாதியை என் தட்டில் வைத்தார். ரசம் கலந்ததைத் தான் எடுத்துக்கொண்டார்.