மேகக்காரரின் சர்க்கரைப் பதிவேடு

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அப்படி எழுதக் கூடாது என்று உன் அண்ணி சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள். அவளைப் பற்றிப் புகார் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

போன வருடம் எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும், விரலில் குத்தி அளவு பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி அனுப்பினாயே, அது வந்த நாளிலிருந்து எனக்குத் திரும்பவும் உத்தியோகம் கிடைத்த மாதிரி இருக்கிறது. முப்பத்துநாலு வருடம் வானிலை நிலையத்தில் காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் வெயிலையும் காற்றையும் மழையையும் குறித்து வைத்தவன் நான். ‘மேகக்காரர்’ என்றுதான் ஆபீசில் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்த இரண்டு நேரமும் கை சும்மா இருக்காது. இப்போது ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் செருகிய பட்டையில் வைத்துவிட்டு, எண் தெரிகிற வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். மேகம் ஒன்று அவசரமே இல்லாமல் எதிர் மாடிக்கு மேலே போகும். எனக்குள்ளும் ஏதோ ஒன்று அப்படி மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதை நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும். ‘மெல்லிய வெண்மேகம், தெற்குக் காற்று, வெறும் வயிற்றில் 214’ என்று பதிவேட்டில் எழுதி முடித்தால் வருகிற நிம்மதி இருக்கிறதே, அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அந்தப் பதிவேட்டைத்தான் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். “இவ்வளவு அழகா யாருமே எழுதிக்கிட்டு வந்ததில்ல சார். ஆனா ஒரு நாள்கூடக் குறையலையே, மாத்திரை போடறீங்களா?” என்றார். நான் உண்மையைச் சொன்னேன். “அது எப்படிம்மா போடுவேன்? நான் அளவு பாக்கறவன். மழை அளக்கறவன் மழைமானிக்கு மேல குடையைப் புடிச்சா அப்புறம் அது என்ன அளவு?” அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். “சார், நனையறது மழைமானி இல்ல, நீங்க. இது ரெண்டு நாள் இருந்துட்டுப் போற காய்ச்சலும் இல்ல. கூடவேதான் இருக்கும். மாத்திரை, சாப்பாடு, நடைன்னு அடக்கி வெச்சா சாதுவா இருக்கும். விட்டுட்டா சத்தமில்லாம கண்ணு, கிட்னி, கால் நரம்புன்னு ஒவ்வொண்ணா கை வைக்கும்” என்றார். படித்த பெண், நன்றாகப் பேசுகிறார். நான் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் அவர் சொன்னதைத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன்.

இதற்குள் என் நீலச் சட்டையின் பொத்தான் ஒன்றைக் காணோம் என்று இரண்டு நாளாக வீட்டையே தலைகீழாகப் புரட்டினோம். கடைசியில் அது என் ஷூவுக்குள் கிடந்தது. இரண்டு நாளும் அதே ஷூவில் பூங்காவரைக்கும் போய் வந்திருக்கிறேன், ஒன்றுமே உறுத்தவில்லை. உள்ளங்காலில் பொத்தான் அளவுக்கு வட்டமாகப் புண். நான்கு துளைகூடப் பதிந்திருந்தது. நான் அதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணி அழுதுவிட்டாள். “வானத்தையே பாத்துக்கிட்டு இருங்க. கீழ காலு இருக்கா போச்சான்னு நான்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்!” என்று கத்திவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

அதைச் சொல்லத்தான் வந்தேன். என்னைப் பற்றிய கவலையில் அவள் ஒரு வழியாகிவிட்டாள். மூன்று மாதமாகத் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்தான். நான் குடிக்கப் போனால் பானை காலி. கடைக்குக் கிளம்பினால் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பவும் பாத்ரூமுக்கு ஓடுகிறாள். மத்தியானம் கையில் ஊசியும் நூலுமாக அப்படியே தூங்கிப்போகிறாள்; அந்தப் பொத்தான் இன்னும் தைத்தபாடில்லை. ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுகிறாள், கண்ணாடி சரியில்லையாம். பாத்திரம் கழுவும்போது கல்யாண மோதிரம் விரலை விட்டு நழுவிப் போய், நான் குழாயைக் கழற்றி எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவு இளைத்துவிட்டாள், பாவம். ஒரு புருஷன்மேல் இத்தனை பாசமா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஆகவே உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எனக்கு மெஷின்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. எந்தக் கருவியையும் வருடத்துக்கு ஒரு தடவை சரிபார்க்காமல் அதன் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் விதி. அது சரியென்று தெரிகிற வரைக்கும் மாத்திரை தொடுவதாக இல்லை. ‘அண்ணனைத் தொந்தரவு பண்ணாதீர்கள், உங்கள் உடம்பைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்’ என்று அண்ணிக்கு நீ ஒரு வரி எழுதிப் போடு. நீ சொன்னால் கேட்பாள். மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள். எல்லோரும் நீடூழி நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் மெஷினைச் சரிபார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு கருவியைச் சோதிக்க, பழுதில்லாத வேறோர் இடத்தில் அளவெடுத்துப் பார்ப்போம். வீட்டில் பழுதில்லாத இடம் உன் அண்ணிதானே, விரலை நீட்டச் சொன்னேன். 346. கையில் ஏதாவது ஒட்டியிருக்கும் என்று சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, வேறு விரலில் எடுத்தேன். 341. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது.

மேலே அவளைப் பற்றி எழுதியதை இப்போது திரும்பப் படித்தேன். தண்ணீர், பாத்ரூம், தூக்கம், கண், மோதிரம். ஒன்று விடாமல் பார்த்திருக்கிறேன், தங்கையே. ஒன்றுமே எனக்குத் தெரியவில்லை. அவள் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை.

நான் கேட்ட அந்த ஒரு வரியை எழுதாதே. முடிந்தால் நேரில் வா.

எண் அவளுக்குக் கலங்கலாகத் தெரிந்திருக்கிறது. “எவ்வளவுங்க?” என்றாள். முப்பத்துநாலு வருடத்தில் ஒரு அளவையும் நான் மறைத்ததில்லை, எண்ணைச் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். “மழை வருமா?” என்று கேட்டாள். “வந்தா வரட்டும். நாளைக்குக் காலைல டாக்டரம்மாகிட்ட ரெண்டு பேரும் போவோம், குடை எடுத்துக்கலாம்” என்றேன்.

அந்த இரண்டு எண்ணையும் இன்னும் பதிவேட்டில் ஏற்றவில்லை. முதலில் என் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.