விஞ்ஞான மண்ணும் வீம்புக் கடுகும்

எதையும் பாதி படித்திருக்கும்போதுதான் மனிதருக்கு முழுத் தைரியம் இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் எனக்கிருந்த தைரியத்தை மந்தைவெளி முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கலாம்.

அப்போது, வேர்களோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகளை ஆராயும் ஒரு கூடத்தில் உதவியாளராக இருந்தேன். செடி பூஞ்சைக்குச் சர்க்கரை தரும். பூஞ்சை மண்ணிலிருந்து சத்தை இழுத்துச் செடிக்குத் தரும். (கூட்டுக் குடும்பம்தான். மாமியார் மட்டும் கிடையாது.) எங்கள் பேராசிரியர் அந்த வருஷம் ஒரே ஒரு ஆராய்ச்சி மாணவரைத்தான் எடுப்பதாக இருந்தார். அந்த இடம் எனக்குத்தான் என்று நானே முடிவு செய்து, அவரையும் அவர் மனைவியையும் நவராத்திரிக்கு வீட்டுக்கு அழைத்துவிட்டேன்.

கொலுப்படிக்கு முன்னால் அம்மா வழக்கம்போல் மண் பரப்பி, பார்க் போடக் கடுகை எடுத்து வைத்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆய்வுக்கூடத்துப் பூஞ்சை மண்ணை ஊறுகாய் ஜாடியில் கொண்டுவந்து வலது பாதியில் கலந்தேன். 'சாதா மண்', 'விஞ்ஞான மண்' என்று இரண்டு அட்டைகள் வேறு நட்டேன்.

"பாரும்மா, இந்தப் பக்கம் ரெண்டு மடங்கு வளரும்!"

சுண்டல் வாங்க வந்த தெருவே அந்த அட்டைகளைப் படித்தது. பேராசிரியர் வந்த அன்று இடது பாதி பச்சைப் பசேலென்று இருந்தது. வலது பாதி, திருப்பதி போய் வந்த தலை.

அவர் குனிந்து பார்த்தார். "என்ன விதைம்மா இது?"

"கடுகு சார்."

"கடுகா?" மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கடுகுக் குடும்பம் வேர்ப் பூஞ்சையோட சேரவே சேராதேம்மா, அந்த மண்ணுல திணறத்தான் செய்யும். முதல் பாடமே அதானே?"

(முதல் பாடத்தன்று நான் தி.நகரில் புடவை எடுத்துக்கொண்டிருந்தேன்.) இடம் போச்சு என்று அழுகையே வந்துவிட்டது.

சுண்டல் கிண்ணத்தோடு வந்த அம்மா கேட்டாள்: "ஏன் சார், ஊர்ல எல்லாச் செடியும் சேர்ந்துண்டு இருக்கறச்சே, கடுகுக்கு மட்டும் அப்படி என்ன கர்வம்?"

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "அது முழுசா யாருக்கும் தெரியலை மாமி. உங்க பொண்ணே கண்டுபிடிக்கட்டும். விஜயதசமி அன்னிக்கு வந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கோ."

அந்தக் கர்வத்தை ஆராய்ந்தே என் உத்தியோக காலம் முழுக்க ஓடியது, நன்றாகவே ஓடியது. வீட்டு விளைவுதான் பெரிது. பெண் பார்க்க வந்தவர்களை எல்லாம் நான் வேண்டாம் என்றபோது, "இது கடுகும்மா, யாரோடயும் சேராது" என்று அண்ணன் அறிவித்தான். ஒருவழியாக நானே ஒருவரைப் பிடித்துவந்து மணையில் உட்கார்ந்தேன். தாலி ஏறியதும், கெட்டிமேளத்தையும் மீறி அண்ணன் குரல் கேட்டது:

"பூஞ்சை ஜெயிச்சுடுத்து!"

என் கணவருக்கு ஆபீஸில் பெரிய பதவி, நல்ல மரியாதை. எங்கள் வீட்டில் மட்டும் இன்றுவரை அவர் பூஞ்சை மாப்பிள்ளைதான்.