வில்லைக் கெடுக்க ஒரு சாமான்

"இருக்கறதுலேயே மோசமானது எது?" என்று கேட்டான் ராண்டல்.

கடைக்காரர் ரஸ் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவனைப் பார்த்தார். வடக்கு விஸ்கான்சினில் அவர் வில்லும் அம்பும் விற்க ஆரம்பித்ததிலிருந்து இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் சிறந்தது எது என்று விசாரித்துவிட்டு மலிவானதை வாங்கிப் போகிறவர்கள்.

"எதுல மோசமானது தம்பி?"

"வில்லுல மாட்டற சாமான்ல. மாட்டினா தூக்க முடியாம கனக்கணும். பாக்கறவங்க, 'உனக்கெதுக்குப்பா இந்த வேலை, பேசாம வீட்டுல இரு'ன்னு சொல்லணும்."

"பாக்கறவங்கன்னா?"

"எங்க மாமனார்."

ரஸ்ஸுக்குப் புரிந்துவிட்டது. மேற்கொண்டு கேட்காமல் சாமான் எடுக்க உள்ளே போனார். நல்ல வியாபாரி.

ராண்டல் பொய்ப்பல் செய்து பிழைப்பவன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டில் முதல்முதலாகச் சாப்பிட உட்கார்ந்தபோது மான்கறிக் குழம்பு வைத்தார்கள். எதிரே வருங்கால மாமனார் ஆர்வில். மனிதர் குழம்பு முடிகிறவரை வாயைத் திறந்தது சாப்பிடுவதற்கு மட்டும்தான். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ராண்டல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான்: "வில்லு எடுத்துக்கிட்டுப் போயி நானே ஒரு மான் அடிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை."

ஆர்வில் மறுநாளே ஜோடியாக இரண்டு வில் வாங்கி வந்துவிட்டார்.

அன்று பிடித்தது சனி. இலை உதிரத் தொடங்கியதும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடிவதற்குள் எழுந்து, குளிரில் பல் கிட்டிக்க, பக்கத்துப் பக்கத்து மரத்தில் பரண் கட்டி இரண்டு பேரும் உட்கார வேண்டும். ஊரே சோபாவில் சாய்ந்து, பீரும் பொரித்த சீஸ் கட்டிகளுமாகக் கால்பந்து ஆட்டம் பார்க்கும் நேரத்தில், நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டவே பயப்படுகிற ராண்டல் ஒரு ஓக் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பான்.

"அப்பாகிட்ட சொல்லிடேன்" என்றாள் மனைவி கார்லா.

"எப்படிச் சொல்றது? வாய் திறந்து பேசாத மனுஷன், பாவம், எனக்குன்னு ஒரு வில்லு வாங்கிக் குடுத்திருக்காரு. உடைஞ்சு போயிடுவாரு கார்லா."

"அப்ப ஏறு மரத்துல."

மாமனாரிடம் நேரே சொன்னால் என்ன என்று கேட்பவர்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

ரஸ் கொண்டுவந்தது ஒரு ஸ்டெபிலைசர். வில்லின் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் கனத்த தடி. கடையிலேயே நீளமானது அதுதான். ராண்டல் பூரித்துப் போனான். சனிக்கிழமை பயிற்சியில் அதைத் தூக்கியதும் தோளைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்பது, மீதியை மாமனாரே பார்த்துக்கொள்வார் என்பது திட்டம்.

ஐயோ என்பதற்குள் அம்பு கையை விட்டுப் போய்விட்டது. தடியின் கனத்தில் அவன் கை முதன்முறையாக நடுங்கவில்லை. அம்பு இலக்கின் நட்ட நடுவில் போய் நின்றது.

ஆர்வில் அந்த அம்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு ஆசையா உனக்கு?" என்றார்.

"அது... ஆமா மாமா."

"அப்படின்னா சனிக்கிழமையும் போவோம் மாப்ளே. ஞாயித்துக்கிழமை மட்டும் உனக்கு எப்படிப் போதும்?"

சாயங்காலமே அவரும் கடைக்குப் போய் அதே தடியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று ராண்டல் ரஸ்ஸிடம் சண்டைக்குப் போனான். "குறி தப்பணும். அதுக்கு ஏதாவது குடுங்க."

"குழப்பமாதான் ஒண்ணு இருக்கு" என்று ரஸ், குறி பார்க்க வில்லில் மாட்டுகிற ஒரு சைட்டை எடுத்து வைத்தார். வட்டத்துக்குள் கலர் கலராக ஐந்து ஊசி, ஒவ்வொரு தூரத்துக்கும் ஒன்று. "இதை மாட்டின பாதிப் பேரு திருப்பிக் கொண்டுவந்துடறாங்க. எந்த ஊசி வழியா பாக்கணும்னு யோசிக்கறதுக்குள்ள மானு அடுத்த ஜில்லாவுக்குப் போயிடும்."

இதைவிட அருமையான சாமான் உண்டா? ராண்டல் மாட்டினான். ஆனால் பகலெல்லாம் கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களை அளக்கிறவன் கண்ணுக்கு ஐந்து ஊசி ஒரு பொருட்டா? எவ்வளவு தூரத்திலிருந்து விட்டாலும் நடுவில்தான் போய்க் குத்தியது. தன் திறமையை நினைத்து அவனுக்கு அழுகையே வந்தது.

ஆர்வில் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "நானும் இதை வாங்கணும் போலிருக்கே" என்றார், ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்கிறவரின் குரலில். எவ்வளவு உறுதியான வேட்டைக்காரர் என்று ராண்டல் நடுங்கினான்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. மான் பக்கத்திலேயே வரக் கூடாது. அதற்காக ராண்டல் வில்லோடு சேர்த்து மாட்டுகிற ஒரு அம்பறாத்தூணி வாங்கினான். அம்புகள் ஒன்றோடொன்று மோதி, தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் வந்தது. காட்டுப் பாதையில் டிரக் போகும்போது அது கலகலத்த கலகலப்பில் ராண்டல் கிட்டத்தட்டப் பாட்டே பாடினான்.

ஆர்வில் வண்டியை ஓரம் கட்டினார். "சத்தம் வருது."

"ஆமா மாமா. இதோட போனா உங்க வேட்டையும் கெட்டுப் போகும். நான் வேணும்னா திரும்பி..."

"சேச்சே. உன் ஆசையைக் கெடுப்பேனா?"

வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போனார். ரப்பர் துண்டு, கம்பளித் துணி, பசை எல்லாம் வாங்கினார். சமையலறை மேஜை மேல் விரித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு அம்புக்கும் மெத்தை தைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்த வில்லிலிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. உலகத்திலேயே மிக அமைதியான, மிகத் துல்லியமான, கொஞ்சமும் நடுங்காத வில் இப்போது ராண்டலிடம் இருந்தது. அதன் இரட்டைப் பிறவி மாமனாரிடம்.

வராமல் இருக்குமா மான்? மறுநாள் வந்தது. கிளைகிளையாகக் கொம்பு வைத்த ஆண்மான். இரண்டு மரத்துக்கும் நடுவில் வந்து நின்று, சாவகாசமாக ஓக் கொட்டைகளைப் பொறுக்கித் தின்றது.

ராண்டல் பயந்து எதிர் மரத்தைப் பார்த்தான். நீங்க அடிங்க என்று கையால் காட்டினான். ஆர்வில் தலையை ஆட்டி, நீ அடி என்று காட்டினார். ராண்டல் நெஞ்சில் கை வைத்து, பெரியவங்க நீங்க இருக்கும்போதா என்றான். ஆர்வில் இரண்டு கையாலும் மானை அவனுக்குத் தாம்பாளத்தில் எடுத்துக் கொடுத்தார். பந்தியில் கடைசி லட்டுக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடந்திருக்காது. மான் வயிறு நிறையத் தின்றது, முதுகை ராண்டலின் மரத்திலேயே தேய்த்துக்கொண்டது, போய்விட்டது.

இறங்கி வரும்போது, மாமனார் மனம் கஷ்டப்படக் கூடாதே என்று ராண்டல் சொன்னான்: "பரவாயில்ல மாமா. பொழுது சீக்கிரம் போயிருச்சேன்னுதான் எனக்கு வருத்தம்."

ஆர்வில் நடப்பதை நிறுத்தினார். பிளாஸ்க்கிலிருந்த காபியை மூடியில் ஊற்றி ஒரே மடக்கில் குடித்தார்.

"அப்படியா மாப்ளே? அப்படின்னா... அடுத்த வாரம் லீவு போட்டுட்டு இங்கேயே கூடாரம் போட்டுத் தங்கிடலாமா? வாரம் பூரா?"

"அதைவிட எனக்கு என்ன வேணும் மாமா!" என்று சொல்லிவிட்டு, தன் நாக்கை வெட்டிக்கொள்ள ராண்டல் அம்பறாத்தூணியைப் பார்த்தான். அம்புகள் மெத்தைக்குள் சுகமாகத் தூங்கின.

திங்கட்கிழமை மத்தியானம் ராண்டல் வில்லைக் கொண்டுபோய் ரஸ்ஸின் மேஜை மேல் போட்டான்.

"சாமான் எதுவும் வேண்டாங்க. ஒரே ஒரு பொய் சொல்லுங்க, போதும். வில்லுத் தண்டுல விரிசல் விட்டிருக்கு, நாண் இழுத்தா வெடிச்சு மூஞ்சியில அடிக்கும், அடுத்த வருஷத்துக்கு முன்னால சரி பண்ண முடியாதுன்னு எங்க மாமனார்கிட்ட சொல்லிடுங்க. ஒரு வாரம் அந்த மரத்து மேல உக்காந்தேன்னா நான் செத்துருவேன். அவருக்கோ இந்த வேட்டைதான் உசுரு. என் வாயால எப்படிச் சொல்லுவேன்?"

ரஸ் பெருமூச்சு விட்டபடி வில்லை அவன் பக்கமே தள்ளினார்.

"பொய் சொல்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா உன் வில்லுக்கு வேற ஏதாவது யோசிச்சுக்கிட்டு வா. அந்த விரிசல் பொய்யை உங்க மாமனார் காலையிலயே வந்து அவரு வில்லுக்குச் சொல்லி வெச்சுட்டுப் போயிட்டாரு."