ஏழரை வருஷப் படிப்பு

தல்மூத் படிப்பதென்று முடிவெடுத்தேன். மன்னாரில் பிறந்த கத்தோலிக்கன், ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் பெட்டி அடுக்குகிறவன், யூதர்களின் சட்ட நூலை எதற்குப் படிக்கவேண்டும்? காரணம் இரண்டு. வெளியே சொன்னது ஞானம். சொல்லாதது சிசிலி.

என் மனைவி சிசிலி, முதியோர் பராமரிப்புப் படிக்கப் பின்னேர வகுப்பில் சேரப்போவதாகச் சொல்லியிருந்தாள். அவள் போனால் யார் சமைப்பது? வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். என்னைத் தவிர வளர்ந்த ஆள் ஒருவரும் இல்லை.

மேல்வீட்டு லெவின் கிழவர் யூதர்; அந்த நூலில் நாளுக்கு ஒரு தாள் படிப்பவர். ராபியான, அதாவது யூத மதகுருவான, அவருடைய மருமகன் ஜெர்மனில் பாடம் நடத்தி, வீடியோ கசெற்றாக அனுப்புவார். கேட்டவுடன் பை நிறையத் தந்தார். "பார்த்தால் மட்டும் போதாது, கேட்டதைத் திரும்பப் படிக்கிற மீட்டலும் வேண்டும்" என்றார். ஆகா, எனக்கு அதுதானே வேண்டும்!

"சிசிலி, ஒவ்வொரு பின்னேரமும் ஒரு மணித்தியாலம் பாடம், ஒரு மணித்தியாலம் மீட்டல். என்னைக் குழப்பக்கூடாது."

"எவ்வளவு காலத்துக்கு?"

"முடிக்க ஏழரை வருஷம்."

"ஏழரையோ? சைவ ஆக்கள் அதைச் சனி எண்டெல்லோ சொல்லுவினம்!"

முதல் நாள் பத்து நிமிஷம் பார்த்தேன். ராபியின் குரல் தாலாட்டு. மீட்டல் குறட்டையில் நடந்தது. அடுத்த நாள்களில் பாடமும் அப்படியே. சிசிலி பக்கத்தில் நின்று உடுப்பு அயன் பண்ணினாள். அயன் பெட்டிக்குக் காதில்லை என்று நம்பினேன். அதைப் பிடித்திருந்தவளுக்கு இரண்டு இருந்தன.

மூன்றாம் கிழமை வகுப்பில் சேரும் படிவத்தோடு வந்தாள்.

"இதிலை கையெழுத்து வையுங்கோ. பின்னேரம் எனக்கு வேணும்."

"ஏலாது. பின்னேரம் முழுக்க என்ரை."

"முழுக்க என்ரை."

"அதெப்பிடி?"

"ரெண்டு பேர் ஒரு சால்வையைப் பிடிச்சுக்கொண்டு, ஆளுக்காள் முழுக்க என்ரை எண்டு நிக்கினம். தல்மூத் என்ன சொல்லுது? படிக்கிறது நீங்கள்தானே."

"அது... மீட்டலிலை வரும்."

"ரெண்டு பேரும் சத்தியம் பண்ணவேணும். பிறகு சரிபாதி."

சரிபாதியா? அந்த நேரத்துக்குள் எந்த வகுப்புக்குப் போய் வருவாள்? வென்றேன்!

"தல்மூத் சொன்னாச் சரிதான். பண்ணுவம்."

சிசிலி எங்கள் ஊர்ப் பக்கத்து மடு மாதா படத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். முதலில் தானே கை வைத்தாள்.

"இருவது பாடமும் நித்திரை கொள்ளாமல் கேட்டனான். மாதாவாணை. இப்ப நீங்கள்."

கையை நீட்டினேன். மாதா என்னைப் பார்த்தார். பொய்ச் சத்தியம் பண்ணினவனைப் பாம்பு தேடி வரும் என்பார் என் அம்மா. வுப்பர்டாலில் பாம்பு இல்லைதான். ஆனால் மாதா நினைத்தால் அதுக்கு விசா எடுத்துக் கொடுக்க ஏலாதோ?

கை பாதியில் நின்றது.

"சத்தியம் பண்ண ஏலாட்டி?"

"பங்கு இல்லை."

கையெழுத்து வைத்தேன்.

ஆத்திரம் தாங்காமல் மேல்வீட்டுக்கு ஓடி, லெவினிடம் முறையிட்டேன். கிழவர் சிரித்தார்.

"உன் மனைவி தினமும் காலையில் இங்கே வந்துதானே மீட்டல் செய்கிறாள்? சால்வை வழக்கை மூன்று தரம் கேட்டாள்."

இப்போது பின்னேரம் முழுக்க சிசிலியுடையது. சமைக்கிற குசினி முழுக்க என்னுடையது. அதில் பாதி கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லை.